கஞ்சி ஊற்றிய மண்ணில் அறுகு

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்விட்ட என் பத்மா அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. பூங்காவில் புல் முளைத்துவிட்டது. பாய் போல வாங்கி விரித்தது அல்ல, பிளாஸ்டிக் அல்ல, விமானத்தில் வந்ததும் அல்ல. நீ விதைத்த அதே அறுகு, விதையிலிருந்து. நின்று பார்த்தால் வெறும் மண்ணாகத்தான் தெரிகிறது. முட்டி போட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் மண்ணுக்கு மேலே ஒரு பச்சை ஆவி படர்ந்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நம் நகர்ச் சங்கத்தின் செயலாளர் தனசேகரன் பொதுக்குழுவில், எல்லோர் முன்னிலையிலும், தோற்றுப்போனார். நீ முதல் செய்தியோடு நிறைவடைந்திருப்பாய். எனக்கு இனிப்பது இரண்டாவதுதான். இதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை. உன்னிடம் எதை மறைத்து நான் வென்றிருக்கிறேன்?

உன் தலைத் திவசம் வருகிறது. நாளிதழில் படம் போடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். உன்னை அறியாதவர்கள் உன் முகத்தைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைச் சங்கத்தின் செய்தி மடலுக்குக் கொடுக்கிறேன். உறுப்பினர் எவரும் எழுதலாம் என்பது விதி, மறுக்க முடியாது. அன்றைக்குப் பொதுக்குழுவில் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

காட்டுப்பாக்கத்தில் நாம் வீடு கட்டிக் குடிவந்தபோது அந்தப் பூங்கா எப்படி இருந்தது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சைக் கட்டம். நேரில் பார்த்தால் சீமைக்கருவேலமும் இடிந்த செங்கல்லும். தொலைபேசி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே நீ கடப்பாரை வாங்கி வந்தாய். திருமணமும் செய்துகொள்ளாமல், என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, ஊரார் நிலத்தில் கல் பொறுக்குகிறாயே என்று நான் கேட்டேன். "ஊரு நெலம்னா அதுல நானும்தானேடா இருக்கேன்" என்றாய்.

நர்சரியில் புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டி விற்கிறார்கள், வாங்கிப் பதித்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. "பாய் மாரி வாங்கி விரிச்சா அது பாய்தான்டா. வெதச்சாத்தான் வேரு தண்ணியத் தேடிகினு கீழ போவும்" என்றாய். பூந்தமல்லி விதைக்கடையில் அறுகு விதை கேட்டபோது கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்ததும், "பிள்ளையாருக்கா, மருந்துக்கா?" என்று விசாரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. "உக்கார" என்று நீ சொன்ன விடை அவருக்குப் புரிந்திருக்காது.

புத்தகங்களில் புல் விதைக்க வசந்தம் உகந்தது என்று எழுதியிருக்கும். நம் ஊரில் வசந்தம் ஏது? பனி விலகி வெயில் இன்னும் பல்லைக் காட்டாத மாசியைத்தான் நீ பிடித்துக்கொண்டாய். மண்ணைக் கொத்திச் சலித்தாய். மக்கிய எருவும் ஆற்று மணலும் கலந்தாய். பலகையை இழுத்துச் சமன் செய்தாய். விதை தூள் போல இருந்ததால் காய்ந்த மணலில் கலந்து, ஒரு முறை கிழக்கு மேற்காகவும் ஒரு முறை தெற்கு வடக்காகவும் தூவினாய். மேலே ஈரச் சாக்கு. குழாயைப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஓடி ஒரு மூலையில் சேர்ந்துவிடும் என்று பூவாளியில்தான் தண்ணீர். முளைத்த பிறகும் விரல் நீளம் வளரும்வரை ஒரு குழந்தையையும் மிதிக்க விடவில்லை. வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது உன் சட்டம். நம் குடும்பத்தில் விதிகளைப் பிடித்துக்கொண்டு தொங்குபவன் நான் என்று சொல்வார்கள். அந்த விஷயத்தில் நான் உன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது.

பிறகு அந்தப் புல்லில் மாலை தோறும் பெண்கள் உட்கார்ந்தார்கள். கால் நீட்டி உட்கார இந்த நகரில் பெண்களுக்கு வேறு இடம் இருந்ததா? செயலாளரின் மனைவி கஸ்தூரி அம்மா தினமும் உன் பக்கத்தில்தான் இருப்பார். நீங்கள் இருவரும் எதைப் பேசி அவ்வளவு சிரித்தீர்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு வைகாசியில் தனசேகரன் தம் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். மண்டபம் எடுக்கவில்லை. பூங்காவில் பந்தல், புல்லின் மேல் நாற்காலிகள், வேப்பமரத்து ஓரம் விறகு அடுப்பு. பகல் விருந்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள். கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியைப் புல்லின் நடுவிலேயே ஊற்றினார்கள். மறுநாள் காலையில் நீ போய்ப் பார்த்தபோது ஓலைப் பாய் அகலத்துக்குப் பழுப்பாக வெந்து கிடந்தது. முட்டி போட்டு வேரைக் கிள்ளிப் பார்த்தாய். விரலில் கஞ்சி பிசுபிசுத்தது. சமையல்காரர்கள் தெரியாமல் ஊற்றிவிட்டார்கள் என்று தனசேகரன் சொன்னார். நாமும் நம்பினோம்.

அடுத்த பொதுக்குழுவில்தான் அவர் நோக்கம் வெளிவந்தது. புல் பாழாகிவிட்டது, ஆகவே பூங்கா முழுதும் செயற்கைப் புல் விரித்துவிடலாம் என்றார். நீ எழுந்தாய். கருகியது நடுவில் ஒரு துண்டு, மறுபடி விதைத்துத் தருகிறேன் என்றாய். ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது.

"இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் புல்லு புல்லுன்னுகினு. ஊட்ல பசு மாடு ஏதாச்சும் கட்டிகினு கீறீங்களா? இல்ல, நீங்களே மேயப் போறீங்களா?"

கூடம் முழுதும் சிரித்தது. நான் எழுந்து ஆட்சேபித்தேன். என் குரல் அந்தச் சிரிப்பில் எனக்கே கேட்கவில்லை. நீ புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாய். தீர்மானம் நிறைவேறியது. தொலைபேசி நிலையத்தில் ஆயுள் முழுதும் ஊரார் குரலை ஊராருக்குச் சேர்த்து வைத்தவள் நீ. அதன் பிறகு அந்தச் சங்கத்தில் உன் குரலை யாரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் விரித்த நாளிலிருந்து மாடியை விட்டு நீ இறங்கவும் இல்லை. ஆவணியில் ஒரு விடியலில் போய்விட்டாய்.

இதயம் என்றார் மருத்துவர். அவர் சொன்னதை நான் மாற்றி எழுத மாட்டேன். சென்னைப் பாடியில் உள்ள ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன் நான். ஓர் உதிரிபாகம் உடைந்து வந்தால் வார்ப்பில் குறையா, உலோகத்தில் குறையா, கையாண்டவர் குறையா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன். தனசேகரன் உன்னைக் கொன்றார் என்று நான் கையெழுத்திடவில்லை. ஆனால் உன் கடைசி மாதங்களை அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு எந்த மருத்துவரின் சான்றும் எனக்குத் தேவையில்லை.

நீ போன பிறகு அந்தப் பிளாஸ்டிக் தானாகவே அவரைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. ஐப்பசி மழையில் அடியில் தண்ணீர் கட்டி நாறியது. நாய்கள் அசிங்கம் செய்தால் மண் போல அது எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. வெயில் அடித்த நாளில் பிள்ளைகளின் பாதம் சிவந்தது. பொதுப் பூங்கா நிலம் திறந்த மண்ணாக இருக்க வேண்டும், மூடக்கூடாது என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டி உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பதில் வராதபோது மறுபடி எழுதினேன். நேரில் வந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக்கை அகற்றி, சங்கமே இயற்கைப் புல் வளர்த்துத் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அன்றோடு நான் நிறுத்தியிருக்கலாம். நீயாக இருந்தால் நிறுத்தியிருப்பாய்.

தை முடியும் தருவாயில் தனசேகரன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பளபளக்கும் ஒரு பை. குளிர் நாடு ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன் கொண்டுவந்த புல் விதை. உடன் இரண்டு தெரு தள்ளி இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கும் பாபுவும் வந்திருந்தான்; அவன் நம் சங்கத்தில் உறுப்பினன், வேடிக்கை எங்கே இருந்தாலும் அங்கே இருப்பவன்.

"இன்னா சார், பாத்துக்கோங்க" என்று தனசேகரன் பையை என்னிடம் நீட்டினார். "கவர்மென்ட்டுக்கு எழுதிப் போட்டீங்க இல்ல? இந்தாங்க, ஃபாரின் ஐட்டம். உங்க அக்கா போட்டுகினு இருந்தாங்களே, அந்த லோக்கல் சரக்கு இல்ல. இது சும்மா கார்ப்பெட்டு மாரி வரும்."

நான் பையைத் திருப்பிப் பார்த்தேன். எதையும் பின்புறம் வரை படிப்பது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். குளிர் பிரதேசங்களுக்கான ரகம். மண் குளிர்ந்திருக்கும்போது விதைக்க வேண்டும். கடும் வெப்பத்தில் இந்தப் புல் பிழைக்காது. எல்லாம் தெளிவாக, சிறிய எழுத்தில், அச்சிட்டிருந்தது.

"மொளைக்குமா சார்?" என்று கேட்டார்.

"நல்லா முளைக்கும்" என்றேன்.

அது உண்மை. நம் மாசியின் குளிர்ச்சியில் அது மிக நன்றாக முளைக்கும். சித்திரையில் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. உன் அறுகை 'லோக்கல் சரக்கு' என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால், கேட்காமலேயே நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொன்னார். நான் பையை மடித்து இரு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அதோடு விடவில்லை, அக்கா. மண்ணைத் தயார் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விடுப்பு எடுத்தேன். நீ செய்தது போலவே கொத்தினேன், சலித்தேன், எரு சேர்த்தேன், பலகை இழுத்தேன். கஞ்சி ஊற்றிய இடத்தில் மட்டும் ஒரு முழம் ஆழம் தோண்டிப் புது மண் இட்டேன். ஏன் தெரியுமா? நாளைக்கு அந்தப் புல் சாகும்போது மண் சரியில்லை, சமன் சரியில்லை, எரு போதவில்லை என்று அவர் ஒரு காரணமும் சொல்லக்கூடாது. மற்ற எல்லாக் குறைகளையும் விலக்கிவிட்டால் எஞ்சி நிற்கும் குறை அவருடையதாக மட்டுமே இருக்கும். என் தொழிலை இவ்வளவு பக்தியோடு நான் தொழிற்சாலையில்கூடச் செய்ததில்லை.

பாபு வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "இன்னா சார் இது, செக்ரட்டரிய புடிக்காது, அவரு புல்லுக்கு மட்டும் மாமியார் ஊட்டு வேல மாரி செய்றீங்க?"

"வேலைன்னா ஒழுங்கா செய்யணும் பாபு."

"எனக்கு இன்னாவோ ஒதைக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த நகரில் என்னைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

புல் முளைத்தது. அடடா, எப்படி முளைத்தது! அறுகு போலத் தயங்கித் தயங்கி அல்ல. ஒரு வாரத்திலேயே அடர்ந்து, பளிச்சென்று, படத்தில் பார்ப்பது போல. மக்கள் கைப்பேசியில் படமெடுத்தார்கள். தனசேகரன் திறப்பு விழா வைத்தார். பெயர்ப் பலகை தகரத்தில் வைக்கலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது, நிலைத்திருக்க வேண்டிய பணிக்குக் கருங்கல்லே பொருத்தம் என்று முன்மொழிந்தவன் நான். 'இப்புல்வெளியை அமைத்தவர்' என்று தொடங்கி அவர் பெயர் கல்லில் ஏறியது. அவர் நெகிழ்ந்துபோய் எனக்குச் சால்வை போட்டார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு பங்குனி வந்தது. என் கணக்கில் வராத ஒன்றும் வந்தது.

ஒரு நாள் காலையில் பூங்காவைக் கடக்கும்போது கஸ்தூரி அம்மாவைப் பார்த்தேன். மூட்டு வலியோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, உன் பழைய பூவாளியைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நுனிகள் அப்போதே மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தன.

"ஏன்மா நீங்க? ஆள் வெச்சுப் பாத்துக்கலாமே" என்றேன்.

"குழாயப் புடிச்சி அடிக்கிறாங்க தம்பி. பத்மாக்கா இருந்தா உடுமா? இதாலதான் ஊத்தணும்னு சொல்லும்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "பேச்சுத் தொணைக்கு ஆளு இல்ல. இங்க வந்து நின்னா அது பக்கத்துல குந்திகினு கீற மாரியே கீது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் அது தனசேகரனுக்குப் போயிருக்கும். அவர் சித்திரைக்கு முன்பே ஏதாவது காரணம் கண்டுபிடித்துத் தப்பியிருப்பார். தவிர, தண்ணீர் போதவில்லை என்ற கடைசிச் சாக்கையும் அந்த அம்மா தம் கையாலேயே அடைத்துக்கொண்டிருந்தார். என் திட்டத்துக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது. ஆனாலும் அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

சித்திரையில் எல்லாம் முடிந்தது. அக்கினி நட்சத்திரம் வரைகூடத் தாங்கவில்லை. கார்ப்பெட் முழுவதும் வைக்கோலாயிற்று. அதற்கு நடுவில் கருங்கல்லும் அதில் அவர் பெயரும் மட்டும் மெருகு குலையாமல் மின்னின. பாபு தன் பட்டறைக்கு வருவோரிடமெல்லாம், "செக்ரட்டரி வைக்கப்போருக்கு கல்வெட்டு வெச்சிகீறாரு மாமே, போய்ப் பாரு" என்று வழி சொல்லி அனுப்பினான். நான் மொட்டை மாடியில் நின்று அந்த வைக்கோலைப் பார்த்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன் தெரியுமா?

என் கணக்கில் ஒரு பிழை இருந்ததைப் பொதுக்குழுவில்தான் உணர்ந்தேன்.

தனசேகரன் தலை குனிவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஒலிபெருக்கியை எடுத்தார். "எல்லாரும் பாத்தீங்க. ஃபாரின் வெதையே கருகிப் போச்சு. நம்ம சாரே மண்ண ரெடி பண்ணாரு, அவரு வேலைல ஒரு தப்பு சொல்ல முடியாது. தண்ணியும் ஊத்தனோம். இன்னா அர்த்தம்? இந்த மண்ணுல புல்லு வராது. அவ்ளோதான். இதயே எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கலாம். சிமென்ட் கல்லு பதிச்சிட்டா காரு உட்டுக்கலாம், ஃபங்ஷன் வெச்சிக்கலாம்."

கூடம் தலையாட்டியது. கார் நிறுத்த இடமில்லாதவர்கள் கை தட்டினார்கள். நான் ஒவ்வொரு சாக்காக அடைத்து வைத்திருந்தேன். அவர் அவை எல்லாவற்றையும் தமக்குச் சாட்சியாகத் திருப்பிக்கொண்டார். என் பழியைக் கொண்டே உன் மண்ணை நிரந்தரமாக மூடப்போகிறார். வாக்கெடுப்புக்குக் கைகள் உயரத் தொடங்கின.

எழுந்தேன். ஒலிபெருக்கி தரப்படவில்லை, தேவையும் இருக்கவில்லை. இது குளிர் நாட்டுப் புல், சித்திரையில் சாகும் என்று பையிலேயே அச்சிட்டிருக்கிறது, தவறு மண்ணில் இல்லை, விதையில் இருக்கிறது என்றேன்.

பாபு முன்வரிசையில் திரும்பி உட்கார்ந்தான். "அப்போ இது உனுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே கம்முனு இருந்தியா?"

"முளைக்குமான்னுதான் கேட்டார். பிழைக்குமான்னு கேக்கல."

"யப்பா!" என்று பாபு இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "அண்ணாத்தே, உன்கூட சண்டையே போடக் கூடாது!"

கூடம் சிரித்தது. தனசேகரன் மேசையைத் தட்டினார். "சிரிக்கிறீங்களா? அசோசியேஷனையே ஏமாத்திகீறாரு இவரு! இவரு பேச்ச இன்னாத்துக்குக் கேக்கணும்?" அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சிரிப்பு அடங்கியது. பார்வைகள் என் மேல் திரும்பின.

பெண்கள் பக்கத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கஸ்தூரி அம்மா எழுந்து நின்றார்.

"ஏமாத்துனதப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றார் கணவரிடம். "கொழந்த ஃபங்ஷன் அன்னிக்கி, கஞ்சிய எங்க கொட்றதுன்னு சமையல்காரரு கேட்டாரு. சாக்கடைக்கா எடுத்துகினு போவட்டுமான்னாரு. 'புல்லு மேலயே ஊத்து, எப்டியும் எடுக்கப் போற எடம்தான்'னு சொன்னது யாரு? நான் பக்கத்துல தட்டப் புடிச்சிகினு நின்னேன். இத்தினி நாளும் ஊட்டு மானம்னு வாய மூடிகினு இருந்தேன். இப்ப மண்ணு மேல பழியப் போடறீங்களே, மண்ணு வாயத் தொறந்து பேசுமா?"

அக்கா, அவர் தெரிந்தே ஊற்றச் சொல்லியிருக்கிறார். நீ விரலில் தொட்டுப் பார்த்த அந்தக் கஞ்சி தற்செயல் அல்ல. நான் ஓராண்டாகச் சுமந்த கோபம் போதாது என்று அந்த நொடியில் தெரிந்தது. ஆனால் அதே நொடியில் தனசேகரனின் முகத்தையும் பார்த்தேன். ஒலிபெருக்கி கையில் இருந்தும் அவரால் ஒரு சொல் பேச முடியவில்லை. நீ உட்கார்ந்தது போலவே அவரும் உட்கார்ந்தார். அந்தக் காட்சியை நான் இரு கண்ணாலும் குடித்தேன். வெட்கப்படவில்லை.

சிமென்ட் தீர்மானம் விழுந்தது. அறுகை விதைத்து ஆடிப்பெருக்குக்குள் பச்சை காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மறுபடி பேசலாம் என்று முடிவாயிற்று. பொறுப்பு எனக்கும் கஸ்தூரி அம்மாவுக்கும்.

வெளியே செருப்பு மாட்டும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். "என்கிட்டயாவது சொல்லி இருக்கலாம் இல்ல தம்பி? செத்துகினு கீற புல்லுக்கா நான் அவ்ளோ தண்ணி தூக்கனேன்?"

"சொல்லியிருந்தா நீங்க அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க."

"ஆமா. சொல்லித்தான் இருப்பேன்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஆனா எம் முட்டி உங்கள மன்னிக்காது."

அதற்கு என்னிடம் எந்த விதியும் இல்லை. நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்?

அக்கினி நட்சத்திரம் கழிந்ததும், வைகாசிக் கடைசியில், முதல் கோடை மழை தணித்த மண்ணில் விதைத்தோம். வைக்கோலான அந்த வெளிநாட்டுப் புல்லைப் பிடுங்கி எறியவில்லை. மெல்லக் கிளறி மண்ணோடு கலந்துவிட்டேன். தனசேகரனின் கார்ப்பெட் உன் அறுகுக்கு எருவாயிற்று. நான் கிழக்கு மேற்காகத் தூவினேன், கஸ்தூரி அம்மா தெற்கு வடக்காக. பாபு பட்டறையிலிருந்து சாக்குகள் கொண்டுவந்தான். கிரீஸ் கறை இருந்தவற்றைத் திருப்பி அனுப்பினேன். "செத்தவங்களுக்குச் செய்ற மாரி இவ்ளோ சுத்தம் பாக்கறியே" என்று முனகிக்கொண்டே வேறு சாக்கு தேடப் போனான். பாதி வழியில் தான் சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அன்று முழுதும் அவன் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. பச்சை இப்போதே காட்டிவிட்டது.

சென்ற வாரம் செயற்குழுவில் ஒரு சிறு விதியை முன்மொழிந்தேன். புதுப்புல் மென்மையானது, ஆகவே புல்வெளிக்குள் நுழைபவர் யாராயினும் காலணியை விளிம்பிலேயே கழற்றிவிட வேண்டும். இளம் வேருக்கு அது நல்லது என்பதால் ஒருமனதாக நிறைவேறியது. தனசேகரனும் கை தூக்கினார். சர்க்கரை வியாதிக்காக மருத்துவர் அவரை நடக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் கயிறு இறுக்கிக் கட்டிய வெள்ளை ஷூவோடு வருகிறார். இப்போதைக்கு வேலிக்கு வெளியேதான் சுற்றுகிறார். நிழலும் இருக்கையும் வேப்பமரத்தடியில் இருக்கின்றன. அங்கே போக வேண்டுமானால் புல்லைக் கடக்காமல் வழியில்லை.

உனக்கு என் வாக்கு இது. விரல் நீளம் வளரும் வரை ஒருவரையும் மிதிக்க விடமாட்டேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட மாட்டேன். வளர்ந்ததும் முதலில் உள்ளே போய்க் கால் நீட்டி உட்காரப் போகிறவர் கஸ்தூரி அம்மா. அந்த முட்டிக்கு நான் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். அடுத்து தனசேகரன் வரட்டும். தடுக்க மாட்டேன், ஒரு சொல் பேச மாட்டேன். உன் மண்ணின் விளிம்பில் அவர் குனிந்து, மூச்சு வாங்க, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. நான் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்க்க எதிரில் நின்றிருப்பேன்.

நீ வேண்டாம் என்று தலையசைப்பது தெரிகிறது. மற்ற எல்லாவற்றிலும் உன் பேச்சைக் கேட்டவன்தானே நான். இது ஒன்றை எனக்கு விட்டுவிடு.

உனக்காகவும், கொஞ்சம் எனக்காகவும், இன்னும் மன்னிக்காதிருக்கும்
உன் ஒரே தம்பி,
குமரேசன்